பெரம்பூர் ஃபிளாட்டும் மூணு 'பே லேட்டர்' கணக்கும்

மூணு 'பே லேட்டர்' (இப்ப வாங்கிட்டு அப்புறம் கட்டுற கடன்) ஆப்புக்கு மாசம் 4,200 ரூபாய் கட்டுறீங்க, பெரம்பூர் ஃபிளாட்டுக்கான வீட்டுக்கடனை அது பாதிக்குமான்னு கேட்டிருக்கீங்க. பாதிக்கும் சார். 8.5% வட்டி, 20 வருஷம்னா லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 868 ரூபாய். நீங்க மாசம் கட்டுற தவணையைக் கழிச்சுட்டுதான் பேங்க் கடன் தொகையை முடிவு பண்ணும்; அந்தக் கணக்குல 4,200 ரூபாய், கடன் தகுதியில கிட்டத்தட்ட 4.8 லட்சத்தைத் தின்னுடும்.

அதைவிட மோசம், மறந்துபோன 300 ரூபாய் பாக்கி சிபில்ல, அதாவது உங்க கடன் வரலாறு ரிப்போர்ட்டுல, 'ஓவர்டியூ'ன்னு (கெடு தாண்டின பாக்கின்னு) கிடக்குறது. சின்னத் தொகைதானேன்னு பேங்க் மேனேஜர் விடமாட்டார்.

பணம் கட்டினா மட்டும் போதாது. ஆப்புல உள்ள கடன் லிமிட்டையும் மூடச் சொல்லி என்ஓசி (பாக்கி இல்லைங்கிற சான்று) வாங்குங்க. இல்லைன்னா கணக்கு 'ஆக்டிவ்'னே நிக்கும். ஒரு மாசம் கழிச்சு ரிப்போர்ட் எடுத்து, 'குளோஸ்டு'ன்னு வந்தப்புறம் அப்ளை பண்ணுங்க. வரலைன்னா சிபில் தளத்துலயே டிஸ்பியூட் (தப்பைத் திருத்தச் சொல்ற புகார்) போடுங்க. அதைத் தீர்க்க 30 நாள் தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.