பழைய எம்ஜிபியை எங்கிருந்து தொடங்குவது?

இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "1969ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கியிருக்கிறேன். பல வருடங்களாக கராஜில் ஓடாமல் நின்ற வண்டி. கதவுக்குக் கீழே துரு தெரிகிறது. முதலில் எஞ்சினை ஓடவைத்துவிட்டு, பாடி வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா? வீட்டிலேயே எவ்வளவு செய்ய முடியும்? பிறகு எப்படிப் பராமரிப்பது?"

எஞ்சின் காத்திருக்கட்டும். அந்த 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின் முரட்டு உழைப்பாளி. பாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. நீங்கள் சொல்லும் கதவடித் துருதான் எனக்குக் கவலை தருகிறது. எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. ரோட்ஸ்டருக்குக் கூரையும் கிடையாது. வண்டி நடுவில் தொய்யாமல் இருப்பதற்கு முக்கியக் காரணமே கதவுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதிதான். அது உளுத்துப்போன வண்டியில் எஞ்சினுக்குச் செலவழிப்பது வீண்.

வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது கதவின் பின்விளிம்பைப் பாருங்கள். இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் பாடி தொய்ந்திருக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கும்போது கதவு இறுகினாலும் அதே சந்தேகம்தான். (ஜாக்கியை சில்லுக்கு அடியில் வைத்துத் தூக்காதீர்கள்.) வெளித்தகடு பளபளப்பாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். சில் என்பது வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என மூன்று அடுக்கு. அழுகிய தகட்டின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி, பற்றவைத்து, பெயின்ட் அடித்த வண்டிகள் ஏராளம். கார்பெட்டைத் தூக்கி உள்பக்கத்தையும், வண்டிக்கு அடியில் படுத்து கீழ்ப்பக்கத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்.

சில் மாற்ற வேண்டியிருந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். முதலில் பாடியை அடியில் சமமாகத் தாங்கவையுங்கள். கதவு வாசலின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்து இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். புதுத் தகடுகளை முதலில் கிளாம்பில் மட்டும் பிடித்து, கதவை மாட்டி இடைவெளியைச் சரிபார்த்த பிறகுதான் முழு வெல்டிங். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். பாட்டரி இணைப்பு, பெட்ரோல் டாங்க், கார்பெட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங்கில் கை பழகாவிட்டால் அதை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். கழற்றுவது, துரு சுரண்டுவது, மறுபடி பூட்டுவது எல்லாம் வீட்டிலேயே முடியும். தகடுகள் விட்னியில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தால் நல்லது. மலிவுத் தகட்டில் மிச்சமாகும் பணம், அதைத் தட்டிப் பொருத்தும் கூலியிலேயே போய்விடும்.

சரி, எஞ்சின். சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். பிறகு எஞ்சினின் முன்பக்கம் உள்ள கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றினால் ஆயில், ஃபில்டர் மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை பாருங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களையும் பிரேக் ஹோஸ்களையும் பார்க்கக்கூட வேண்டாம், மாற்றிவிடுங்கள். 2021 முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அதில் உள்ள எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, எத்தனால் குறைவான ஈ5 சூப்பர் பெட்ரோல் ஊற்றுங்கள்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரைப் பலர் முதலிலேயே திருகிக் கெடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் டாப்பெட் (வால்வு) இடைவெளி 0.015 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிறகு இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) என்ற வரிசையில் சரிசெய்யுங்கள். அப்புறம், சூடான எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடிய வேகத்திலேயே ஓடினால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறி நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. லேசாகக் கூடி, உடனே பழைய வேகத்துக்கு இறங்கினால் சரி. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் திணறினால், கார்புரேட்டரின் மேலே உள்ள டாஷ்பாட் என்ற குழாயில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரக் கோளாறுக்கு, மின்பாகங்களைத் தயாரித்த லூகாஸ் கம்பெனியைத் திட்டுவது வழக்கம். அது நியாயமில்லை என்பது என் கருத்து. பெரும்பாலும் சரியாகப் பிடிக்காத எர்த் இணைப்பும், வயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டர்களில் ஏறிய பச்சைக் களிம்பும்தான் காரணம். புது வயரிங் வாங்குவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து அவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு, 3000 மைலுக்கு ஒருமுறை முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு கிரீஸ் அடியுங்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இல்லாதபோது அடித்தால்தான் கிரீஸ் எல்லா இடத்துக்கும் போகும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சில்லின் உட்புறத்தில் மெழுகு தெளித்து, அடியில் உள்ள வடிகால் துளைகளைத் திறந்தே வையுங்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவியிருந்தால், நல்ல மழை அதைக் கழுவும் வரை வண்டியை எடுக்காமல் இருப்பது உத்தமம். 40 வயது கடந்த வண்டிகளுக்கு, பெரிய மாற்றம் ஏதும் செய்யாதவரை, 2018 முதல் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆனாலும் சில் வேலை முடிந்ததும் ஒருமுறை நீங்களாகவே எம்ஓடிக்குக் கொண்டுபோங்கள். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் வேறொரு கண் பார்த்துவிடும்.