பழைய லென்ஸ், புது கேமரா, மலை ஈரம்: கேள்வி-பதில்

ஊட்டியில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையிலிருந்து ‘இந்து’ கறுப்பு வெள்ளைப் படச்சுருள் வந்துகொண்டிருந்த காலத்து லென்ஸ்கள், மலை வீடுகளின் அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த லென்ஸ்களைத்தான் குறை சொல்கின்றன. பெரும்பாலும் தப்பு லென்ஸில் இல்லை. பழைய லென்ஸைப் புது கேமராவில் பொருத்தும் இடை வளையமான அடாப்டரின் தடிமனிலோ, வீட்டு ஈரத்திலோதான் இருக்கிறது.

கே: ஹீலியோஸ் 44-2 லென்ஸை அடாப்டர் போட்டு சோனியில் மாட்டினேன். ஷட்டரே அடிக்கவில்லை. கேமரா பழுதா? (ஊட்டி)

ப: பழுது இல்லை. லென்ஸில் மின் தொடர்பு கிடையாது என்பதால், எதுவும் மாட்டவில்லை என்றே கேமரா நினைத்துக்கொள்கிறது. மெனுவில் ‘ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்’ என்பதை ‘எனேபிள்’ ஆக்குங்கள். ஃபியூஜியில் இதற்கு ‘ஷூட் வித்அவுட் லென்ஸ்’ என்று பெயர். மோடு டயலை ‘ஏ’யிலோ ‘எம்’மிலோ வையுங்கள். ‘எஸ்’ உதவாது, கேமராவால் இந்த லென்ஸின் அபெர்ச்சரை (ஒளி புகும் துவாரத்தை) அசைக்க முடியாது.

ஹீலியோஸில் அபெர்ச்சருக்கு இரண்டு வளையம் இருப்பது பலரைக் குழப்பும். கிளிக் கிளிக்கென்று நின்று திரும்புவது எல்லை வைக்க. வழுவழுவென்று திரும்புவது அந்த எல்லைவரை மூடித் திறக்க. முதலாவதை 16-இல் விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பயன்படுத்தினால் போதும். வீடியோவுக்கும் அது வசதி.

கே: 28 மி.மீ. எம்42 (திருகி மாட்டும் பழைய ரகம்) லென்ஸ். பக்கத்துச் செடி ஊசிமுனை மாதிரித் தெளிவாக விழுகிறது. எதிர் மலை மட்டும் எப்படித் திருப்பினாலும் மங்கல். லென்ஸை விற்றுவிடலாமா? (குன்னூர்)

ப: விற்க வேண்டாம், முதலில் அடாப்டரைப் பாருங்கள். எம்42 லென்ஸின் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை இருக்க வேண்டிய தூரம் 45.46 மி.மீ. சோனி இ மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே 18 மி.மீ. இருக்கிறது. மிச்சம் 27.46 மி.மீ.; அடாப்டரின் தடிமன் அதுதான். நிக்கான் ஸெட்டுக்கு 29.46, ஃபியூஜி எக்ஸுக்கு 27.76. இதில் தலைமுடி அளவு கூடினாலும் தூரக் காட்சி போய்விடும்.

எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஃபோகல் நீளத்தை அதே எண்ணால் பெருக்கி, அடாப்டர் எத்தனை மி.மீ. கூடுதலோ அதால் வகுங்கள். 0.1 மி.மீ. தடித்த அடாப்டரில் 135 மி.மீ. லென்ஸ் 180 மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். 50 மி.மீ. 25 மீட்டரோடு நின்றுவிடும். உங்கள் 28 மி.மீ. எட்டு மீட்டரைத் தாண்டாது. அதனால்தான் ஒரே அடாப்டரில் டெலி நன்றாக இருக்க, வைடு லென்ஸ் கெட்ட பெயர் வாங்குகிறது.

சோதிக்கும் முறை இது. முக்காலியில் கேமராவை வைத்து அபெர்ச்சரை முழுக்கத் திறங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செல்போன் கோபுரத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வெயில் ஏறிய பிறகு காற்று அலையாடும், விடிகாலையில் மஞ்சு மறைக்கும். வானம் தெளிந்த இரவில் நட்சத்திரத்தைப் பார்ப்பது இன்னும் நல்லது. வளையம் முட்டி நிற்பதற்குக் கொஞ்சம் முன்பே தெளிவு வந்து போனால் அடாப்டர் மெலிது. முட்டிய பிறகும் தெளிவு வராவிட்டால் அடாப்டர் தடித்தது, அல்லது யாரோ லென்ஸைக் கழற்றித் தப்பாகப் பூட்டியிருக்கிறார்கள். இன்னொரு எம்42 லென்ஸை அதே அடாப்டரில் போட்டுப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

தடித்த அடாப்டரைத் தேய்த்துக் குறைக்கப் பார்க்காதீர்கள். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். மாற்றி வாங்குங்கள். தயாரிப்பாளர்கள் பலர் எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் மெலிதாகவே செய்கிறார்கள். அதிலும் ஒரு தொல்லை உண்டு: 0.3 மி.மீ. மெலிந்தால், 50 மி.மீ. லென்ஸில் படுத்த எட்டுக் குறி (இன்ஃபினிட்டி, அதாவது எல்லையில்லாத் தூரம்) வர வேண்டிய இடத்தில் எட்டு மீட்டர் குறி வந்து நிற்கும். தூர அளவுகோல் அத்தனையும் பொய். இதைச் சரிசெய்யலாம். அடாப்டரின் முன் வளையத்தையும் பின் மவுண்டையும் இணைக்கும் சின்னத் திருகாணிகளைக் கழற்றி, இடையில் மெல்லிய தகடு வெட்டிப் போடுங்கள். குளிர்பான டின்னின் பக்கச் சுவர் சுமார் 0.1 மி.மீ. இருக்கும். வெட்டிய ஓரத்தில் பிசிறு இல்லாமல் தேய்த்து, துடைத்துவிட்டுப் போடுங்கள். அலுமினியத் துணுக்கு சென்சாரில் விழுந்தால் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

கண்ணாடி வைத்த எம்42 அடாப்டரை விற்பனைக்காரர் நீட்டினால் வாங்க வேண்டாம். அது நிக்கான் டிஎஸ்எல்ஆருக்கானது, 46.5 மி.மீ. தேவைப்படும் அந்த உடலில் தூரத்தை எட்டத்தான் அந்தக் கண்ணாடி. சோனி, ஃபியூஜி போன்ற மிரர்லெஸ் கேமராவில் அதற்கு வேலையே இல்லை.

கே: அபெர்ச்சர் வளையம் திரும்புகிறது, உள்ளே இதழ்கள் அசையவே இல்லை. (கோத்தகிரி)

ப: எம்42 ஆட்டோ லென்ஸ் என்றால் பின்புறம் ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால்தான் இதழ்கள் மூடும். லென்ஸில் ‘ஏ-எம்’ சுவிட்ச் இருந்தால் ‘எம்’முக்குத் தள்ளுங்கள், முடிந்தது. ஹீலியோஸ் 44எம்-4 போன்றவற்றில் அந்த சுவிட்ச் கிடையாது. அவற்றுக்கு உள்ளே விளிம்பு வைத்த அடாப்டர் வேண்டும். லென்ஸைத் திருகி முடிக்கும்போது விளிம்பு குச்சியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கேனான் எஃப்டி லென்ஸ் என்றால் அடாப்டரிலுள்ள வளையத்தை ‘லாக்’ பக்கம் திருப்பியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ‘ஓப்பன்’ பக்கம் இருந்தால் லென்ஸ் எப்போதும் முழுக்கத் திறந்தே இருக்கும்.

குச்சியை அழுத்தியும் இதழ்கள் சோம்பலாக நகர்ந்தால் அது எண்ணெய்க் கசிவு. இதழ்களின் மேல் மினுமினுப்புத் தெரியும். மெக்கானிக் வேலை.

கே: தாத்தாவின் லென்ஸைத் தோல் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தோம். உள்ளே சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கிறது. (கொடைக்கானல்)

ப: பத்திரம் செய்த தோல் பெட்டிதான் காரணம். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்குத் தீனியும் போடும். முதல் வேலையாக அந்தப் பெட்டியை லென்ஸிடமிருந்து பிரியுங்கள். நினைவாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வேறு அறையில் இருக்கட்டும்.

காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். கூடலூர், தேவாலா பக்கம் ஜூனிலேயே ஆரம்பிக்கும் தொல்லை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோதனைக் காலம். காற்றுப் புகாத மூடியுள்ள 10, 15 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, கால் கிலோ சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. இவ்வளவுதான் செலவு. மீட்டர் 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கட்டும். 30-க்குக் கீழே இறக்க வேண்டாம். உள்ளே உள்ள பசையும் கிரீஸும் அளவுக்கு மீறிக் காய்வது நல்லதல்ல. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானதும் ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலைக்கு வரும். நீல ரகத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். அரிசி டப்பாவுக்குள் லென்ஸைப் புதைப்பது இங்கே பல வீடுகளில் நடக்கிறது. ஈரம் போகிறதோ இல்லையோ, மாவுத்தூள் ஃபோகஸ் மரைக்குள் நிச்சயம் போகும்.

பிடித்துவிட்ட பூஞ்சைக்கு: வெளிக் கண்ணாடியில் மட்டும் இருந்தால் வீட்டிலேயே துடைக்கலாம். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம் என்றால் அதே அளவு தண்ணீர் விட்டு 3 சதவீதமாக்குங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, கண்ணாடியின் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் தடவி இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு லென்ஸ் துடைக்கும் திரவத்தால் துடைத்து எடுங்கள். வலை போன பிறகும் வேர் போன்ற கோடுகள் தெரிந்தால், பூஞ்சை கக்கிய அமிலம் பூச்சைத் தின்றுவிட்டது என்று பொருள், அது திரும்பாது. உள்ளே இருக்கும் பூஞ்சையை நீங்கள் தொடாதீர்கள். முன் கண்ணாடியில் பொட்டு அளவு இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது. பின் கண்ணாடியில் அதே அளவு இருந்தால் தெரியும்.

கே: ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கியதும் லென்ஸ் குளித்தது போல் நனைந்துவிடுகிறது. (லவ்டேல்)

ப: மலையில் 8, 10 டிகிரிக்குக் குளிர்ந்த உலோகம் கீழே உள்ள வெக்கையான ஈரக் காற்றில் பட்டால் அதன் ஈரத்தை இழுத்து மேலே போர்த்திக்கொள்ளும். கிளம்பும் முன் மலையிலேயே, லென்ஸையும் கேமராவையும் ஜிப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். கீழே வந்து முக்கால் மணி நேரம், கனமான டெலி என்றால் ஒரு மணி நேரம், பை மூடியே இருக்கட்டும்.

ஏறும்போது இதே வித்தையைச் செய்தால் ஏமாறுவீர்கள். கீழே மூடிய பைக்குள் சமவெளிக் காற்றின் ஈரம் இருக்கிறது. பர்லியார் தாண்டிக் குளிர ஆரம்பித்தால் அது பைக்குள்ளேயே நீராகிவிடும். ஏறும்போது பையைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுங்கள். நனைந்துவிட்ட லென்ஸில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பவே கூடாது. நீளும் சுருங்கும் குழல் பம்பு மாதிரி ஈரக் காற்றை உள்ளே இழுக்கும்.

கே: மலை ரயில் வளைவில் வரும்போது ஃபோகஸ் பண்ணுவதற்குள் போய்விடுகிறது. (குன்னூர்)

ப: துரத்தாதீர்கள். 28 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து தூரத்தை 3.3 மீட்டரில் நிறுத்தினால், ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 1.6 மீட்டரிலிருந்து மலை முகடு வரை தெளிவாக விழும். ஏபிஎஸ்-சி (அதைவிடச் சின்ன சென்சார்) என்றால் 4.9 மீட்டரில் நிறுத்துங்கள், 2.5 மீட்டரிலிருந்து தெளிவு. ஷட்டர் 1/250-க்குக் குறையாமல் இருக்கட்டும். ஆனால் மேலே சொன்ன அடாப்டர் கணக்கை இங்கே மறக்கக் கூடாது. 0.3 மி.மீ. மெலிந்த அடாப்டரில் 28 மி.மீ. லென்ஸுக்கு 2.6 மீட்டர் குறியிலேயே இன்ஃபினிட்டி வந்துவிடும். அங்கே 3.3 என்று நிறுத்தினால் பக்கத்தில் வரும் பகுதி மங்கும். லென்ஸில் பொறித்த எண்ணை நம்பாமல், டேப் பிடித்து அளந்த தூரத்தில் ஒரு பலகையை வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, சரியான இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

நீராவி இன்ஜின் வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதிதான். பல்சக்கர ஏற்றம் அங்கேதான் இருக்கிறது. தண்டவாளத்தில் நின்று எடுக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என நினைக்கிறோம்.

கே: சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4. கண்ணாடி டீ டிகாக்ஷன் நிறத்தில் இருக்கிறது. (கோத்தகிரி)

ப: அது அழுக்கு இல்லை. அந்த லென்ஸின் பின்னால் உள்ள கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது; அதன் கதிர்வீச்சு வருடக்கணக்கில் கண்ணாடியைப் பழுப்பாக்கும். புற ஊதா ஒளி பட்டால் வெளுக்கும். மழைக்கால மலையில் வெயிலை நம்ப முடியாது, 365 முதல் 395 நானோமீட்டர் வரையிலான புற ஊதா எல்இடி விளக்கு வாங்குங்கள். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, லென்ஸைத் தலைகீழாக அலுமினியத் தாளின் மேல் நிறுத்தி, பின் கண்ணாடிக்கு நேர் மேலே விளக்கைத் தொங்கவிடுங்கள். சில நாளில் மாற்றம் தெரியும், முழுக்க வெளுக்கச் சில வாரம் ஆகலாம். விளக்கைக் கண்ணால் பார்க்காதீர்கள். வெயில் இருக்கிற நாளில் ஜன்னலில் வைப்பதானால் பின்னால் திரைச்சீலையோ காகிதமோ இருக்கக் கூடாது; எஃப் 1.4 லென்ஸ் நல்ல நெருப்புக் கண்ணாடி. லென்ஸை வைத்துப் படம் எடுப்பதால் ஆபத்து இல்லை, அந்தக் கண்ணாடியைத் தேய்த்துத் தூளாக்காமல் இருந்தால் சரி.

கே: மஞ்சு மூடிய சோலையை எடுத்தால் படம் சாம்பலாக, உயிரில்லாமல் இருக்கிறது. (கொடைக்கானல்)

ப: இரண்டு காரணம். மஞ்சு வெளிச்சமானது, மீட்டர் அதைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். இரண்டாவது, அடாப்டரின் உள்சுவர். பளபளப்பான கறுப்புப் பெயின்ட் என்றால் வெள்ளை வானத்தின் ஒளி அதில் பட்டுத் தெறித்து சென்சாரில் வெண்திரை போடும். பின் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், மின்னினால் கறுப்பு வெல்வெட் தாளை உள்ளே ஒட்டுங்கள். முன்னால் ஹுட் கட்டாயம்.

கே: கேமரா பாடியிலுள்ள ஸ்டெபிலைசருக்கு (கை நடுக்கத்தைத் தணிக்கும் வசதி) லென்ஸின் ஃபோகல் நீளமாக 135 என்று கொடுப்பதா, ஏபிஎஸ்-சி என்பதால் 200 என்று கொடுப்பதா? (பழனி)

ப: 135. லென்ஸில் எழுதியிருக்கும் எண் எதுவோ அதுவே. பெருக்கிக் கொடுத்தால் சென்சார் தேவைக்கு மேல் ஆடி, நடுங்காத கையிலும் படம் நடுங்கும். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும், அதை ஒரு பட்டனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.