இலையுதிர் காலத்தில் இலைகள் நிறம் மாறுவதற்குக் குளிர்தான் காரணமா?

இல்லை. குளிருக்குப் பங்கு உண்டு, ஆனால் தொடங்கி வைப்பது அது இல்லை. பகல் குறுகி இரவு நீள்வதை வைத்துத்தான் மரம் காலத்தைக் கணக்கிடுகிறது. குளிரே இல்லாத நம் ஊரில் வாதாம் மர இலை சிவந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் வறட்சி செய்கிறது.

அமெரிக்காவின் வெர்மாண்ட் பக்கம் ஓர் அக்டோபரில் கீழே கிடந்த மேப்பிள் இலை ஒன்றை எடுத்தேன். இலை முழுக்க நல்ல சிவப்பு. நடுவில் மட்டும், இன்னொரு இலையை வைத்து அச்செடுத்தது போல மஞ்சள். கிளையில் இருந்தபோது மேல் இலையின் நிழல் விழுந்த இடம் அது! அந்த ஓர் இலையிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

மஞ்சள் புதிதாக வருவதில்லை. கேரட்டில் இருக்கும் கரோட்டினாய்டு வகை நிறமிகள் கோடை முழுக்க இலைக்குள்ளேதான் இருக்கின்றன, பச்சையம் அவற்றை மறைத்திருக்கும். பச்சையம் சிதைந்துகொண்டே இருக்கும் பொருள். மரம் அதைத் திரும்பத் திரும்பச் செய்துகொள்ளும். இலையுதிர் காலத்தில் அந்த உற்பத்தி நிற்கிறது, மஞ்சள் வெளியே தெரிகிறது. பிர்ச், ஆஸ்பென் மரங்களில் கதை இதோடு முடிந்துவிடும்.

சிவப்பு அப்படி இல்லை. அது ஆந்தோசயனின், நாவற்பழத்தில் இருக்கும் அதே வகை. விழப்போகும் இலை, கையில் மிச்சமிருக்கும் சர்க்கரையைச் செலவழித்து அதைப் புதிதாகச் செய்கிறது. அதற்கு வெளிச்சம் வேண்டும், அதனால்தான் நிழல் விழுந்த இடம் மஞ்சளாகவே நின்றுவிட்டது.

சரி, சாகப்போகிற இலைக்கு எதற்கு இந்தச் செலவு? இலையின் நைட்ரஜனில் பெரும்பகுதி, பச்சையம் இருக்கும் பசுங்கணிகங்களின் புரதங்களில் இருக்கிறது. அதை விட்டுவிட மரத்துக்கு மனசில்லை. புரதங்களைப் பிரித்து, கிளைக்கும் வேருக்கும் இழுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் வெயில் அதிகமாகப் பட்டால் இலையின் செல்கள் பாழாகும். வேலை முடியும்வரை சிவப்பு குடை பிடிக்கிறது என்பது ஒரு விளக்கம். பூச்சிகளுக்கு அது எச்சரிக்கை என்பாரும் உண்டு. அந்த மஞ்சள் அச்சைப் பார்த்த எனக்கு முதல் விளக்கமே பொருந்துகிறது.

வெயிலடிக்கும் பகலும், உறையாத ஆனால் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் சிவப்பு அபாரமாக வரும். உறைபனி முந்திக்கொண்டால் இலை செத்துப் பழுப்பாகிவிடும். அப்புறம், அந்த மாதிரி அச்சு விழுந்த இலை வேண்டுமென்றால் வெயில் நன்றாகப் படும் தெற்குப் பக்க வெளிக்கிளைகளில் தேடுங்கள்.