பட்டியல் படித்தும் உச்சரிப்பு திருந்தவில்லையே?

கேள்வி: அலுவலக ஃபோன் கூட்டங்களில் நான் பேசும் ஆங்கிலத்தை எதிர்முனையில் இருப்பவர்கள் இரண்டு மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். ஒலியில் கொஞ்சமே வேறுபடும் சொற்களை ஜோடி ஜோடியாகப் படித்தால் உச்சரிப்பு திருந்தும் என்றார்கள். நூறு ஜோடி எழுதி, பக்கத்திலேயே தமிழில் உச்சரிப்பையும் குறித்துக்கொண்டு, இரண்டு மாதமாகத் தினமும் உரக்கப் படிக்கிறேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை. இது வீண் வேலையா?

பதில்: வேலை வீண் இல்லை. பக்கத்தில் தமிழில் குறித்தீர்களே, கோளாறு அங்கேதான்.

மூட்டை கட்டுகிற 'பேக்', முதுகைக் குறிக்கிற 'பேக்', தோளில் மாட்டுகிற 'பேக்'. ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு சொற்கள். தமிழில் எழுதினால் மூன்றுக்கும் ஒரே முகம். ஆக, இரண்டு மாதமாக ஒரே சொல்லைத்தான் மாற்றி மாற்றிப் படித்திருக்கிறீர்கள். அந்தக் குறிப்புகளை முதலில் அடித்துவிடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஒலிகள் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப வேறு, ம்-க்குப் பின்னால் வரும் ப வேறு. அந்த இரண்டாவது ப-தான் முதுகுக்கு வேண்டியது. தமிழில் இந்த வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை என்பதால் காது அதைக் கண்டுகொள்வதில்லை. அதே காது பல்லி, பள்ளி என்றால் எவ்வளவு கறாராக இருக்கிறது!

மூட்டை கட்டும் 'பேக்'கில் இன்னொரு சங்கதியும் உண்டு. அதன் முதல் ஒலியோடு ஆங்கிலேயர்கள் குப்பென்று கொஞ்சம் காற்றையும் விடுவார்கள். மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துச் சொல்லுங்கள், தாள் படபடக்க வேண்டும். முதுகைச் சொல்லும்போது அவ்வளவாக அசையாது. நம் ப-வில் அந்தக் காற்று இல்லை. அதனால் நீங்கள் மூட்டை என்றாலும் கேட்பவர் காதில் முதுகு என்றே விழலாம். ('ஸ்பூன்' மாதிரிச் சொற்களில் காற்று வேண்டாம், நாம் சொல்வதே சரி.)

அப்புறம், உரக்கப் படிப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். ஜப்பானியர்களுக்கு ஆங்கில ர, ல ஒலிகளைப் பிரித்துக் கேட்க மட்டும் பயிற்சி கொடுத்த ஓர் ஆய்வு 1997-இல் வெளியானது. பேசச் சொல்லியே கொடுக்கவில்லை, ஆனாலும் அவர்கள் உச்சரிப்பு தேறியிருந்தது. கேட்டது ஒரே குரலை இல்லை, பலருடைய குரல்களை. நீங்களும் அகராதிச் செயலியில் பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ஜோடியில் ஒன்றை மட்டும் ஒலிக்கவிடட்டும், திரையைப் பார்க்காமல் எது என்று நீங்கள் சொல்லுங்கள். பத்துக்கு எட்டாவது சரியாக வந்த பிறகு வாயைத் திறந்தால் போதும்.

வாய்க்கு நடுவராக ஃபோனின் வாய்ஸ் டைப்பிங் இருக்கிறது. தனிச் சொல்லாகச் சொல்லுங்கள். வாக்கியமாகச் சொன்னால் அது இடம் பார்த்து ஊகித்துச் சரியாகவே எழுதிவிடும். நான் மேற்குத் திசையைச் சொல்ல, அது உள்பனியனை எழுதிய கதையெல்லாம் உண்டு. நமக்கு இரண்டுமே 'வெஸ்ட்' ஆயிற்றே! மேற்குக்கு உதடு குவிய வேண்டும், பல் படவே கூடாது. பனியனுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்றால் ஐந்தே நிமிடத்தில் பிடிபடும்.

நூறு ஜோடி எதற்கு? கப்பலையும் செம்மறியாட்டையும் சொல்லும் ஷிப், ஷீப் ஜோடியை எல்லாப் புத்தகமும் முதலில் வைக்கும். குறில் நெடிலில் ஊறியவர்களுக்கு அது அவசரமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் எந்தச் சொல்லைத் திரும்பக் கேட்கிறார்களோ, அதைக் குறித்துவைத்து அதற்கு ஜோடி தேடுங்கள். ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள், சரியா?