டோரன்ட் க்ளையன்ட்கள் ஒத்துப்போகாதபோது: வாசகர் கேள்விகள்

கேள்வி: ட்ரான்ஸ்மிஷனிலிருந்து க்யூபிட்டோரன்டுக்கு மாறினேன். பாதி இறங்கியிருந்த லினக்ஸ் ஐஎஸ்ஓ மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இறங்கிய பாதி வீணா?

வீணில்லை. இவை இரண்டும் டோரன்ட் க்ளையன்ட்கள், அதாவது கோப்பைப் பல கணினிகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் மென்பொருள்கள். முடியாத கோப்பின் பெயருக்குப் பின்னால் ட்ரான்ஸ்மிஷன் '.பார்ட்' என்று சேர்த்துவைக்கும். க்யூபிட்டோரன்ட் அந்தப் பெயரைத் தேடாது. க்யூபிட்டோரன்டில் அந்த டோரன்டை நிறுத்துங்கள். புதிதாக உருவான கோப்பை அகற்றிவிட்டு, பழைய கோப்பிலிருந்து அந்த ஒட்டை நீக்கி அதே ஃபோல்டரில் வையுங்கள். அப்புறம் 'ஃபோர்ஸ் ரீசெக்' (இருப்பதை மறுபடி சரிபார்க்கும் கட்டளை) கொடுங்கள். எவ்வளவு இறங்கியது என்ற குறிப்பை ஒவ்வொரு க்ளையன்டும் தன் பாணியில் எழுதுகிறது. ஆனால் ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்க உதவும் கைரேகை போன்ற ஹேஷ் எல்லோருக்கும் பொது, சரிபார்த்ததும் மீதி மட்டும் இறங்கும்.

கேள்வி: நண்பர் அனுப்பிய மேக்னட் லிங்க் என் பழைய க்ளையன்டில் திறக்கவே இல்லை.

மேக்னட் லிங்க் என்பது டோரன்டை அதன் ஹேஷால் அடையாளம் காட்டும் இணைப்பு. அதில் 'பிடிஐஎச்' (btih) இருக்கிறதா, 'பிடிஎம்எச்' (btmh) இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது மட்டும் இருந்தால் அது வெர்ஷன் 2 டோரன்ட். எஸ்எச்ஏ-1 என்ற பழைய ஹேஷ் முறைக்குப் பதில் எஸ்எச்ஏ-256 பயன்படுத்துவது. க்யூபிட்டோரன்ட் 4.4 முதல் இதற்கு ஆதரவு உண்டு. நண்பரை ஹைப்ரிட் (இரண்டு வெர்ஷனும் சேர்ந்த) டோரன்டாக உருவாக்கச் சொன்னால் பழைய க்ளையன்டிலும் இறங்கும்.

கேள்வி: சொந்தமாக ஒரு க்ளையன்ட் எழுதுகிறேன். என் இரண்டு காப்பிகள் தங்களுக்குள் நன்றாகப் பேசுகின்றன. வேறொரு பிரபல க்ளையன்ட் மட்டும் ஹேண்ட்ஷேக் (முதல் அறிமுகச் செய்தி) முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்கிறது. பியர் ஐடியை (க்ளையன்ட் தன்னை அறிவிக்கும் குறியை) வைத்து அதற்கு மட்டும் தனி வழி எழுதலாமா?

வேண்டாம். பியர் ஐடியில் யாரும் எந்தப் பெயரையும் போடலாம். அவர்கள் நாளை பிழையைச் சரிசெய்தாலும் உங்கள் ஒட்டுவேலை அப்படியே தங்கி, வேறு இடத்தில் கடிக்கும்.

உங்கள் காப்பிகள் மட்டும் ஒத்துப்போவதே நல்ல துப்பு. பிட்டோரன்ட் நெறிமுறையின் விதி ஆவணங்களுக்குப் பெப் (BEP) என்று பெயர். நான் முதலில் சந்தேகப்படுவது பெப் 10, அதாவது எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்பு) செய்திகளின் எண்களை. மெட்டாடேட்டா (டோரன்டின் விவரங்கள்) செய்திக்கு நீங்கள் 1 என்று அறிவிக்கிறீர்கள், எதிராளி 3 என்கிறார். அவருக்கு அனுப்பும்போது 3 போட வேண்டும். உங்கள் 1 அவர் உங்களுக்கு அனுப்புவதற்கு. இதை மாற்றிப் போட்டிருந்தாலும் உங்கள் காப்பிகளுக்குள் இரண்டு பக்கமும் 1 என்பதால் தவறு தெரியவே தெரியாது. வெளியாளிடம் போனதும் அந்தச் செய்தி வேறு பகுதியில் போய் விழும்.

அது சரியாக இருந்தால் ரிக்வெஸ்ட் அளவை, அதாவது ஒரு தடவையில் எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். 16 கிபிபைட் தாண்டிக் கேட்டால் இணைப்பை மூடும் க்ளையன்ட்கள் உண்டு, பெப் 3 அதைச் சொல்லியே இருக்கிறது.

ஹேண்ட்ஷேக்கின் 68 பைட்டுகளில் 8 பைட் ரிசர்வ்டு, அதாவது நீட்டிப்புகளை அறிவிக்க ஒதுக்கியவை. எதிராளிக்கு என்ன தெரியும் என்பதை அங்கே கேளுங்கள், பெயரில் தேடாதீர்கள். அசூரியஸ் என்ற க்ளையன்ட் ஒரு நீட்டிப்பு முறையும் லிப்டோரன்ட் என்ற நிரல் நூலகம் வேறொன்றும் வைத்திருந்த காலத்தில், எதில் பேசுவது என்பதை அந்த ரிசர்வ்டு பகுதியின் இரண்டு பிட்களால்தான் தீர்த்துக்கொண்டார்கள். போட்டியாளர்கள் அவ்வளவு நாகரிகமாக நடந்துகொண்டது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

மூன்றாவது க்ளையன்ட் ஒன்றோடும் சோதியுங்கள். பிழை அவர்களுடையதுதான் என்று உறுதியானால், சின்ன டோரன்ட் ஒன்றை வைத்து வயர்ஷார்க்கில் (நெட்வொர்க் போக்குவரத்தைப் பதியும் கருவி) பிடித்த பதிவையும் இரு பக்க வெர்ஷன் எண்களையும் சேர்த்து அனுப்புங்கள். 'உங்களோடது வேலை செய்யல' என்ற புகாரை யாராலும் சரிசெய்ய முடியாது.

கேள்வி: ஃபோல்டர் நிறைய 'பேடிங் ஃபைல்' என்ற கோப்புகள், பிட்காமெட் 0.85க்கு மாறச் சொல்கின்றன. வைரஸா?

இல்லை. ஒவ்வொரு கோப்பும் புதிய பீஸில் (துண்டில்) தொடங்க வேண்டும் என்று பிட்காமெட் என்ற க்ளையன்ட் இடையில் நிரப்பும் வெறும் பூஜ்யங்கள். இந்த வழக்கம் தெரியாத க்ளையன்ட் அவற்றையும் உண்மைக் கோப்பாக இறக்கிவிடுகிறது. சீட் செய்து (மற்றவர்களுக்குப் பகிர்ந்து) முடித்த பிறகு அழியுங்கள். முன்பே அழித்தால் அதற்கு முந்தைய கோப்பின் கடைசி பீஸ் சரிபார்ப்பில் தோற்கும்.

கேள்வி: பழைய மேக்கிலிருந்து லினக்ஸுக்கு நகலெடுத்தேன். 'கொ', 'போ' என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் காணவில்லை என்கிறது க்ளையன்ட். கண்ணெதிரே இருக்கின்றனவே!

கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டுகளில் வேறு. எச்எஃப்எஸ் ப்ளஸ் என்ற மேக்கின் பழைய கோப்பு முறை 'கொ'வின் உயிர்க்குறியை ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து எழுதும். டோரன்டில் அது ஒரே குறியாக இருக்கலாம். மேக் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் எடுத்துக்கொள்ளாது. 'கன்வ்மூவ்' (convmv) கருவியில் பெயர்களை என்எஃப்சி (குறிகளைச் சேர்த்தெழுதும்) வடிவத்துக்கு மாற்றி ரீசெக் கொடுங்கள். டோரன்ட் உருவாக்குபவர்களுக்கும் ஒன்று: லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான். தமிழில் குறி ஒன்றுக்கு 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. ஆக மொத்தம் 85 குறிகள். விண்டோஸில் அழகாக நிற்கும் நீளமான தலைப்பை அங்கே சில க்ளையன்ட்கள் வெட்டும், சில பிழை காட்டி நின்றுவிடும். பெயரைத் தொடக்கத்திலேயே சுருக்குங்கள். பின்னால் மாற்றினால் டோரன்டை அடையாளம் காட்டும் இன்ஃபோ ஹேஷும் மாறி அது வேறு டோரன்டாகிவிடும்.