பஞ்சப் படங்களில் ஏன் பெரும்பாலும் ஒரு குழந்தை மட்டும் தனியாக இருக்கிறது?

பஞ்சம் என்றால் வெறும் பசி அல்ல. ஐ.நா. அமைப்புகள் பயன்படுத்தும் அளவுகோலில், குறைந்தது ஐந்தில் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு கிட்டத்தட்ட அற்றுப்போய், குழந்தைகளில் 30 சதவீதம் கடுமையாக மெலிந்து, 10,000 பேரில் தினமும் இருவர் சாகும் நிலை. இந்தக் கணக்கைக் கமராவால் பிடிக்க முடியாது. எலும்பு தெரியும் குழந்தையைப் பிடிக்கலாம். குழந்தை மீது யாரும் பழி சொல்லமாட்டார்கள், உதவிக்காசும் சீக்கிரம் சேரும். அதனால் போர், அரிசி விலை, வழியில் மறிக்கப்பட்ட லொறி எல்லாம் படத்துக்கு வெளியே போய்விடுகின்றன. நம்ம மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வராத கடைசி வயலின் வெடிப்பை மட்டும் படமெடுத்தால் வானம்தான் குற்றவாளி. மேலே மடையை அடைத்தவர் தப்பிவிடுவார்.

அதற்காகப் படமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் என்ற சொல்லுக்கே தணிக்கை இருந்தபோது, ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை கல்கத்தாத் தெருப் படங்களைப் போட்டுத்தான் விசயத்தை வெளியே கொண்டுவந்தது.

அப்புறம், 1993 சூடான் படம். குனிந்து கிடக்கும் குழந்தை, பின்னால் பிணந்தின்னிக் கழுகு. அந்தக் குழந்தையைக் கழுகு தின்றுவிட்டது என்று இன்றும் முகநூலில் பகிர்கிறார்கள். தவறு. உணவு நிலையம் பக்கத்திலேயே இருந்தது. கழுகை விரட்டிவிட்டதாகப் படமெடுத்த கெவின் கார்ட்டர் சொன்னார். குழந்தை அந்தப் பஞ்சத்தில் பிழைத்துக்கொண்டது என்று 2011இல் குடும்பத்தார் ஒரு ஸ்பானியப் பத்திரிகையிடம் சொன்னார்கள்.