இன்றைய வகுப்புக்கு இலக்கு என்ன? ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். இப்போது ஆசிரியர் பயிற்சிகளில் கருத்தாளராகப் போய்வருகிறேன். அன்றாட வகுப்புக்குக் கற்றல் இலக்கு வைப்பது பற்றி வந்த கேள்விகளை, கேட்டவர்களின் பெயர் ஊர் இல்லாமல் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பாடக்குறிப்பேட்டில் கற்றல் விளைவு எழுதுகிறோம். அதையே கரும்பலகையிலும் எழுதிப்போட்டால் போதாதா சார்? (5ஆம் வகுப்பு ஆசிரியை)

போதாது டீச்சர். கற்றல் விளைவு என்பது வருஷ முடிவில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது. 2017இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) வெளியிட்ட பட்டியலும் வகுப்புவாரியாகத்தான் இருக்கிறது. 'ஒரு பின்னத்துக்குச் சமான பின்னங்களைக் கண்டறிந்து உருவாக்குதல்' என்று ஐந்தாம் வகுப்புக்கு ஒன்று உண்டு. அது முடிய நாலைந்து பாடவேளையாவது ஆகும். இன்றைக்கு அதில் எந்தத் துண்டு என்பதுதான் கேள்வி.

திங்கட்கிழமை: 'தாளை மடித்து, 1/2 என்பதும் 2/4 என்பதும் ஒரே அளவு என்று காட்டுவேன்.' செவ்வாய்: 'மடிக்காமலே, மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்கி மூன்று சமான பின்னங்கள் எழுதுவேன்.' புதன்: 'இரண்டு பின்னங்கள் கொடுத்தால் சமமா இல்லையா என்று காரணத்தோடு சொல்வேன்.' காட்டுவேன், எழுதுவேன், சொல்வேன் என்று பிள்ளையே பேசுவதுபோல் எழுதுங்கள். மணி அடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் செய்துகாட்ட முடியாத எதையும் அன்றைய இலக்காக வைக்காதீர்கள். மற்ற எல்லாப் பதில்களும் இதிலிருந்துதான் வருகின்றன.

'அறிவர்', 'புரிந்துகொள்வர்' என்று நோக்கம் எழுதக் கூடாது என்கிறார்கள். ஏன்? (பி.எட். மாணவி)

அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் 1962லேயே இதை வலியுறுத்தியவர். கற்பவர் என்ன செய்வார், எந்தச் சூழலில், எவ்வளவு சரியாக என்ற மூன்றும் நோக்கத்தில் தெரிய வேண்டும் என்றார். ஆனால் கற்றல் நோக்கங்களைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டிய பெஞ்சமின் ப்ளூமின் 1956 வகைப்பாட்டை 2001இல் திருத்தியபோது, ஆறு படிகளில் இரண்டாவதாகப் 'புரிந்துகொள்ளுதல்' இடம்பெற்றது. ஆக, அந்தச் சொல்மேல் குற்றமில்லை. புரிந்ததா என்பதை எதை வைத்துப் பார்ப்பீர்கள் என்பதை எழுதாமல் விடுவதுதான் குறை. வினைச்சொல் பட்டியலை மனப்பாடம் செய்தால் ரெக்கார்டு நோட்டுக்கு மதிப்பெண் வரும், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்புக்கு போர்ஷன் முடிக்கவே நேரமில்லை. இதில் தினம் இலக்கு வேறா? (அறிவியல் ஆசிரியர்)

நேரமில்லாதவருக்குத்தான் இது அதிகம் தேவை சார். ஓம் விதி நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரையறை, வாய்பாடு, வரைபடம், கணக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் போர்ஷன் முடியும். பையன் கையில் என்ன மிஞ்சும்? 'மின்னழுத்த வேறுபாடும் மின்னோட்டமும் கொடுத்தால், மின்தடையை அலகோடு கண்டுபிடிப்பேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று ஒரே கணக்கு, அரைத் தாளில். 6 ஓம் என்று எழுதியவர்கள் ஒரு கட்டு, அலகு விட்டவர்கள் ஒரு கட்டு, வகுப்பதற்குப் பதில் பெருக்கி 24 என்று எழுதியவர்கள் ஒரு கட்டு. மறுநாள் யாருக்கு எதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். திருப்புதல் தேர்வு சமயத்தில் பாதிப் பாடத்தை மறுபடி நடத்தும் வேலையும் குறையும்.

எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. மூன்று இலக்கா? (3ஆம் வகுப்பு ஆசிரியை)

எண்ணும் எழுத்தும் என்பது தொடக்க வகுப்புகளில் எழுத்தும் கணக்கும் கற்பிக்கத் தமிழக அரசு கொண்டுவந்த திட்டம்; அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளையின் கற்றல் நிலைகள். தலைப்பு ஒன்று, செய்துகாட்டுவது மூன்று. கூட்டல் என்றால், அரும்பில் இருப்பவன் புளியங்கொட்டை வைத்து 9க்குள் கூட்டுவான். மொட்டு, இனமாற்றம் இல்லாத ஈரிலக்கக் கூட்டல். மலர், இனமாற்றத்தோடு. ஆனால் 'நீ அரும்பு, உனக்கு இது போதும்' என்று பிள்ளை காதுபடச் சொல்லிவிடாதீர்கள். நிலையெல்லாம் நமக்காக. பிள்ளைக்கு 'இன்னைக்கு உன் வேலை இது' என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். நாங்கள் எப்படிச் செய்வது? (தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்)

எல்லாப் பாடத்துக்கும் எல்லா வகுப்புக்கும் எழுத வேண்டாம், முடியாது. நாளுக்கு ஒரு தமிழ் இலக்கு, ஒரு கணக்கு இலக்கு, வகுப்புவாரியாக ஒரு வரி. மீதிப் பாடம் வழக்கம்போல நடக்கட்டும். இதற்குமேல் யாராவது உங்களிடம் கேட்டால், அவர்களை ஒரு நாள் வந்து ஐந்து வகுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இலக்கை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாடத்தில் சுவாரஸ்யம் போய்விடாதா? (நடுநிலைப் பள்ளி ஆசிரியை)

சில பாடங்களில் போகும். முட்டை சாதாரணத் தண்ணீரில் மூழ்கும், நிறைய உப்பு கரைத்தால் மிதக்கும். 'உப்பு நீரின் அடர்த்தி அதிகம் என்று விளக்குவேன்' என்று முதலிலேயே எழுதிவிட்டால் அப்புறம் சோதனை எதற்கு? முதலில் முட்டையைப் போடுங்கள், மிதக்குமா என்று பந்தயம் கட்டட்டும். மிதந்த பிறகு, 'ஏன் என்று இரண்டு வரியில் எழுதுவேன்' என்பதைப் பலகையில் போடுங்கள். கதை, செய்யுளுக்கும் இதே யோசனைதான். இலக்கு முதல் நிமிடத்திலேயே வந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

'புரிஞ்சுதா?' என்றால் எல்லாரும் 'புரிஞ்சுது சார்' என்கிறார்கள். பரீட்சையில் ஒன்றும் வருவதில்லை.

அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். சிறு வகுப்பில் சிலேட்டில் விடையை எழுதி எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். பெரிய வகுப்பில் மேலே சொன்ன அரைத் தாள். கை தூக்குகிற நாலு பேரை வைத்து நாற்பது பேரை எடைபோடக் கூடாது. பாதிப் பேருக்கு மேல் வரவில்லையென்றால் மறுநாள் அதே இலக்குதான். ஆனால் அதே முறையில் திரும்பச் சொல்லாதீர்கள்: தாள் மடித்துப் புரியவில்லையா, எண்கோட்டில் காட்டுங்கள்.

பிள்ளைகள் இலக்கை நோட்டில் காப்பி பண்ணவே பத்து நிமிடம் ஆகிறது.

எழுத வைக்காதீர்கள். வாய்விட்டு ஒருமுறை படித்தால் போதும்.

பையனிடம் 'இன்னைக்கு என்ன படிச்ச?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்கிறான். (ஒரு அம்மா)

எல்லா வீட்டிலும் அதே பதில்தான் அம்மா. 'இன்னைக்கு போர்டுல என்ன போட்டிருந்தாங்க? அதை எனக்குச் செஞ்சு காட்டு' என்று கேட்டுப் பாருங்கள். தப்பாகச் செய்தால் திருத்த வேண்டாம். எங்கே தடுமாறுகிறான் என்று மட்டும் மறுநாள் டீச்சரிடம் சொல்லுங்கள், அவருக்கு அது உதவும்.

வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வந்தால் இதைத் தனி நோட்டில் காட்ட வேண்டுமா?

தனி நோட்டு வேண்டாம். ஏற்கெனவே போதுமான நோட்டுகள் இருக்கின்றன! பாடக்குறிப்பேட்டில் அந்தந்தத் தேதியில் ஒரு வரி, பக்கத்தில் எத்தனை பேருக்கு வந்தது என்று ஒரு எண். கேட்டால் அதையே காட்டுங்கள்.